பரதேசி என்னும் சொல்: புதிய ஏற்பாட்டில் நாடிழந்தோர்

ஹிஜ்ரத் என்னும் சொல்லோடு நமக்குள்ள உறவு தனித்தன்மை வாய்ந்தது. நம் சமுதாயம் தன் ஆண்டுக் கணக்கை நபியின் பிறப்பிலிருந்தோ, முதல் வஹீயிலிருந்தோ, மக்கா வெற்றியிலிருந்தோ தொடங்கவில்லை. ஊரைவிட்டு வெளியேறிய நிகழ்ச்சியிலிருந்து தொடங்கிற்று. கலீஃபா உமர் (ரலி) காலத்தில் எடுக்கப்பட்ட அம்முடிவு நம் சிந்தனையில் ஆழப் பதிந்துவிட்டதால், புலப்பெயர்வைச் சமயத்தின் அச்சாக ஆக்கிய பெருமை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணப் பழகிவிட்டோம். கிறித்தவம் சிலுவையின் சமயம், இஸ்லாம் ஹிஜ்ரத்தின் சமயம் என்று மேடைகளில் எளிதாக வகைபிரித்துப் பேசப்படுவதையும் கேட்கிறோம்.

புதிய ஏற்பாட்டை ஒருமுறையேனும் தொடர்ச்சியாகப் படித்தவர் இப்பாகுபாட்டை ஏற்கத் தயங்குவர். அதிலுள்ள 27 நூல்களுள் 21 மடல்கள். மடல் என்பதே பிரிவின் இலக்கியம். எழுதுபவர் ஓரூரில் இருக்கிறார், ஏற்பவர் வேறோரூரில் இருக்கிறார். இறுதி நூலாகிய வெளிப்படுத்தல், பத்மு என்னும் தீவில் இருந்தவர் கண்ட காட்சியாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளோ முழுக்க முழுக்க ஒரு பயண நூல். நாடிழந்தோர், ஊர் துரத்தியோர், வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோர் இந்நூல்களின் ஓரங்களில் அல்ல, நடுவிலேயே நிற்கின்றனர். அவர்களை அந்நூல்கள் எவ்வாறு கையாண்டன என்பதே நம் கேள்வி.

தொடங்குமுன் ஒன்று. ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட இன்ஜீலும், இன்று மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் பெயர்களில் வழங்கும் நூல்களும் ஒன்றல்ல என்பது நம் கொள்கை. அவ்விவாதத்தை இங்கே நடத்த நாம் முற்படவில்லை. ஒரு சமுதாயம் தன் முதல் நூற்றாண்டில் தன்னைப்பற்றி எழுதிவைத்த சான்றுகளாகவே அவற்றைப் படிக்கிறோம். அவ்வாறு படிப்பதற்குத் தடையேதும் இல்லை, பயன் மிகுதி.

மத்தேயுவின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுவான் என்று யோசேப்பு கனவில் எச்சரிக்கப்படுகிறார்; இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார்; ஏரோது இறந்தபின் திரும்புகிறார்; ஆனால் யூதேயாவில் அவன் மகன் அர்கெலாயு ஆள்வதை அறிந்து அஞ்சி, வடக்கே கலிலேயாவுக்கு ஒதுங்கி நாசரேத்தில் குடியேறுகிறார். 1952ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புலம்பெயர்ந்தோர் குறித்து வெளியிட்ட ஆவணத்தில், எல்லா அகதிகளுக்கும் இக்குடும்பமே முன்மாதிரி என்றார். அதனால் இப்பகுதி கிறித்தவ உலகில் நன்கு அறிமுகமானது.

ஆயினும் ஒரு நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. லூக்காவின்படி நாசரேத்தே அக்குடும்பத்தின் சொந்த ஊர். குடிமதிப்புக்காகப் பெத்லகேம் சென்று, பின் வீடு திரும்புகின்றனர். எகிப்து என்ற பேச்சே அங்கில்லை. மத்தேயுவிலோ அவர்கள் பெத்லகேமில் ஒரு வீட்டில் வாழ்கின்றனர். நாசரேத் அவர்கள் முன்பின் அறியாத இடம்போல் அறிமுகப்படுத்தப்படுகிறது. அப்படியானால் மத்தேயுவின் பார்வையில் ‘நாசரேத்தூர் இயேசு’ என்பது பிறந்த ஊரின் பெயரன்று, தஞ்சம் புகுந்த ஊரின் பெயர். ஒருவர் வாழ்நாள் முழுதும் சுமந்த அடைமொழி அவர் குடும்பம் துரத்தப்பட்டதன் தழும்பாக இருக்கிறது. வரலாற்றாய்வாளர் இவ்விரு கதைகளையும் ஒன்றோடொன்று பொருத்த முயன்று களைத்துப்போயினர். ஏரோதின் குழந்தைக் கொலையை யூத வரலாற்றாசிரியர் யோசேஃபுஸ் குறிப்பிடவில்லை என்பதும் அறிந்ததே. மத்தேயுவின் கண் மூஸா (அலை) வரலாற்றின்மேல் இருக்கிறது: கொடிய மன்னன், கொல்லப்படும் ஆண்மக்கள், தப்பிய ஒரு குழந்தை. திசைதான் மாறிவிட்டது. அன்று எகிப்து அடிமை வீடு. இன்று அதுவே அடைக்கலம். ஏரோதின் யூதேயா ஃபிர்அவ்னின் நாடாகிவிட்டது. தம் மக்களின் அரசனையே ஃபிர்அவ்னாக்கிக் காட்டும் துணிவு சாதாரணமானதன்று.

அதேவேளை, எகிப்தில் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யார் இடம் கொடுத்தார், என்ன தொழில் செய்தனர் என்பதைப்பற்றி மத்தேயு ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீர்க்கதரிசன வாக்கு ஒன்று நிறைவேற எகிப்து தேவைப்பட்டது. நிறைவேறியதும் அந்நாடு ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. இம்மௌனத்தைக் கிப்திக் கிறித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. கெய்ரோவையடுத்த மத்தரிய்யாவில் மர்யம் (அலை) இளைப்பாறிய மரம் என்றும், மேல் எகிப்தில் அல்முஹர்ரக் மடம் அமைந்த இடமே அவர்கள் தங்கிய இடம் என்றும் நாடு நெடுகத் தடங்களைப் பதித்தனர். விருந்தளித்த நாடு, தான் மறக்கப்பட்ட பக்கத்தைத் தானே எழுதிக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம்.

திருக்குர்ஆன் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. சூரா மர்யமில் யோசேப்பும் இல்லை, மன்னனும் இல்லை, விடுதியும் இல்லை. கருவுற்ற பெண் ஒருத்தி தன்னந்தனியே தொலைவிடம் ஒன்றுக்கு ஒதுங்குகிறார். பேரீச்ச மரத்தடியில் வேதனையுறுகிறார். பின் பிள்ளையை ஏந்திக்கொண்டு, குற்றஞ்சாட்டக் காத்திருக்கும் தம் மக்களிடமே திரும்பி வருகிறார். இங்கே இடப்பெயர்வின் காரணம் அரசன் அன்று, ஊரார் நாக்கு. சூரா அல்முஃமினூனின் 50ஆம் வசனம் தாயும் மகனும் நீரூற்றுள்ள ஓர் உயர்நிலத்தில் புகலிடம் பெற்றதைக் கூறுகிறது. அவ்விடம் எது என்பதில் தப்ரீ போன்ற முஃபஸ்ஸிர்கள் திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், ரம்லா, மிஸ்ர் என்று பல கருத்துகளைப் பதிவுசெய்துள்ளனர். இடம் இன்னதென்று உறுதிப்படாவிட்டாலும் வினை உறுதியானது: புகலிடம் அளித்தவன் இறைவன். இவ்விரண்டு மரபுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர், ஒன்றில் அரசியல் அகதியையும் மற்றொன்றில் பழிச்சொல்லுக்கு ஆளான தனித்த பெண்ணையும் காண்பர். இவற்றுள் எது ஆழமானது என்று போட்டி வைப்பது நம் நோக்கமன்று.

வளர்ந்தபின்னும் இயேசு வீடற்றவராகவே நற்செய்தி நூல்களில் நடமாடுகிறார். விலங்குக்கும் பறவைக்கும் இருப்பிடம் உண்டு, தமக்குத் தலைசாய்க்க இடமில்லை என்ற பொருள்பட அவர் கூறியது புகழ்பெற்றது. சீடர்களைப் பையும் காசுமின்றி ஊர் ஊராக அனுப்புகிறார். ஜெர்மானிய அறிஞர் கெர்ட் டைசன் 1970களில் இச்செய்திகளைத் தொகுத்து, தொடக்ககால இயக்கம் ஊர்சுற்றிப் போதகர்களாலும், அவர்களுக்குச் சோறிட்ட இல்லறத்தாராலும் ஆனது என்று வாதிட்டார். நம் மரபுக்கு இது புதிதன்று. ‘மஸீஹ்’ என்ற பெயருக்கு நிலத்தை அளந்து திரிந்தவர் என்று பொருள்கூறிய அரபு மொழியறிஞர் உண்டு. ஸமக்ஷரீ அதை ஏற்காமல், சொல் ஹீப்ரு மூலம் உடையது என்றார்; மொழியியல்படி அவர் கூற்றே சரி. எனினும், பிழையான சொற்பிறப்பு சில வேளைகளில் சரியான நினைவைக் காத்துவைக்கிறது.

ஊர்சுற்றிகள் பெருகியபோது நேர்ந்த நடைமுறைச் சிக்கலுக்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. ‘திதாகே’ எனப்படும் பன்னிரு அப்போஸ்தலர் போதனை, புதிய ஏற்பாட்டில் சேராத மிகப் பழைய கைந்நூல். அதன் ஏட்டை 1873இல் கான்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுத்த பிரையென்னியோஸ் என்னும் கிரேக்கப் பேராயர் 1883இல் பதிப்பித்தார். வருகின்ற போதகரை ஒருநாள் வைத்துக்கொள்ளலாம், தேவையானால் இருநாள். மூன்றாம் நாளும் தங்கினாலோ, பணம் கேட்டாலோ அவர் பொய்யர் என்று அந்நூல் விதிக்கிறது. சாதாரண வழிப்போக்கருக்கு இரண்டு மூன்று நாள் இடமளிக்கலாம். குடியேற விரும்புவோர் தொழில் செய்து உண்ண வேண்டும். கிறிஸ்துவின் பெயரைச் சரக்காக்கி விற்போரிடம் எச்சரிக்கை வேண்டும். விருந்து மூன்று நாள், அதற்குமேல் தருவது தர்மம் என்ற கருத்துள்ள நபிமொழியை புகாரீ, முஸ்லிம் தொகுப்புகளில் கற்ற நமக்கு இது வியப்பளிக்கிறது. யார் யாரிடமிருந்து பெற்றார் என்று ஆராயப் புகுவது வீண் வேலை. வந்தோரை வாழவைக்க முனையும் சமுதாயம் எதுவாயினும், மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் எழும் கேள்வியை அது சந்தித்தே ஆகவேண்டும். திதாகே அக்கேள்வியை நேர்மையாகச் சந்தித்தது.

அப்போஸ்தலர் நடபடிகளில் நம்மை மிகவும் ஈர்ப்பது ஸ்தேவான் பகுதி. எருசலேம் சபையில் கிரேக்கமொழி பேசிய யூதர்கள், தங்கள் கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் புறக்கணிக்கப்படுவதாக முறையிடுகின்றனர். அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களுள் ஒருவரான ஸ்தேவான் நீதிமன்றத்தில் ஆற்றும் உரையே அந்நூலின் மிக நீண்ட உரை. மேலோட்டமாகப் படித்தால் அது பழைய வரலாற்றின் சலிப்பூட்டும் சுருக்கம் போலத் தோன்றும். இடங்களைக் குறித்துக்கொண்டு படித்தால்தான் உட்பொருள் வெளிப்படும். இறைவன் இப்ராஹீமுக்கு (அலை) வெளிப்பட்டது மெசொப்பொத்தேமியாவில். யூசுஃப் (அலை) அருள்பெற்றது எகிப்தில். மூஸா (அலை) அழைக்கப்பட்டது அவர் அந்நியராய் வாழ்ந்த மித்யானுக்குப் பின், சினாய் வனாந்தரத்தில். வாக்களிக்கப்பட்ட நாட்டில் இப்ராஹீமுக்கு ஓரடி நிலமும் சொந்தமில்லை. கையால் கட்டிய வீட்டில் உன்னதமானவர் குடியிருப்பதில்லை என்று முடிக்கிறார். புனித நிலத்துக்குள் இறைவனை அடைத்துவைக்க முடியாது என்பதைப் புனித நிலத்தின் நடுவில் நின்று ஒரு புலம்பெயர் யூதர் சொன்னார், கல்லெறிந்து கொன்றனர்.

அதைத் தொடர்ந்த கொடுமையால் சிதறியவர்கள் பெனிக்கே, சைப்ரஸ், அந்தியோகியா வரை போயினர். ‘கிறித்தவர்’ என்னும் பெயர் முதன்முதலாக வழங்கியது அந்த அந்தியோகியாவிலேதான் என்று அதே நூல் குறிக்கிறது. ஒரு சமயத்தின் பெயரே அகதிகள் போய்ச் சேர்ந்த ஊரில் பிறந்தது. ஆயின் லூக்காவின் எழுதுமுறையில் ஒரு குறை உண்டு: சிதறல் நேர்ந்த அடுத்த நொடியே அவர் அதைப் பரப்புரையாக்கிவிடுகிறார். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவரின் துயரத்துக்கு அவர் நடையில் நிற்க நேரமில்லை. துன்பத்தின் பயனை முதலில் எழுதிவிட்டால், துன்பத்தைப் பிறகு எழுதுவது கடினம்.

நிற்காமல் சொல்லிப் போகும் அந்நடையிலும் ஓர் இணையர் நம் மனத்தில் நின்றுவிடுகின்றனர். ஆக்கில்லா பொந்துவில், அதாவது கருங்கடற்கரையில் பிறந்த யூதர். அவரும் மனைவி பிரிஸ்கில்லாவும் ரோமில் வாழ்ந்தனர். பேரரசர் கிளாடியஸ் யூதர்களை ரோமைவிட்டு வெளியேற்றியபோது கொரிந்துவுக்கு வந்தனர். ரோம வரலாற்றாசிரியர் சூயட்டோனியஸும் இவ்வெளியேற்றத்தைக் குறிப்பிடுகிறார். அறிஞர் பெரும்பாலும் அதனை கி.பி. 49 எனக் கணிப்பர். கூடாரத் தொழில் செய்த அவர்களிடம் அதே தொழில் தெரிந்த பவுல் வந்து தங்கினார். பின் எபேசுவுக்குப் பெயர்ந்தனர். ரோமருக்கு எழுதிய மடலில் அவர்கள் மீண்டும் ரோமில் இருக்கின்றனர். எபேசுவிலும் ரோமிலும் சபை கூடியது அவர்கள் வீட்டில். நான்குமுறை வீடு மாறியவர்கள் போன இடமெல்லாம் தம் வீட்டைப் பிறருக்குத் திறந்துவைத்தனர். இதற்கு எந்தத் தத்துவ விளக்கமும் தரப்படவில்லை. மடல்களின் வாழ்த்துரைகளில், போகிறபோக்கில் வரும் இரண்டு பெயர்கள், அவ்வளவே. கோட்பாடாக எழுதப்பட்ட பகுதிகளைவிட இப்பெயர்ப் பட்டியல்களே நமக்கு அதிகம் கற்பிக்கின்றன.

கோட்பாட்டுப் பகுதி பேதுருவின் முதல் மடலில் தொடங்குகிறது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று இன்றைய துருக்கியின் ஐந்து மாநிலங்களில் சிதறி வாழ்வோரை விளித்து எழுதப்பட்டது இது. பேதுருவே எழுதினார் என்பது மரபு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் பெயரால் எழுதப்பட்டது என்பர் ஆய்வாளர் பலர். வாசகரை இம்மடல் இரண்டு கிரேக்கச் சொற்களால் அழைக்கிறது. ஒன்று பரெபிதேமொஸ்: சிலகாலம் தங்கிப் போகிறவன். மற்றொன்று பரொய்கொஸ்: சொல்லைப் பிரித்தால், வீட்டின் பக்கத்தில் இருப்பவன். ஆசியா மைனரின் நகரங்களில் இது ஒரு சட்ட நிலை. குடியுரிமை இல்லை, வாக்கு இல்லை. வரி உண்டு, உழைப்பு உண்டு. தஞ்சை வட்டாரப் பழைய நிலவருவாய் ஏடுகளில் உள்குடி, பரகுடி என்ற பாகுபாட்டைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊருக்கு வெளியிலிருந்து வந்து, உரிமைப்பிடிப்பின்றி உழுதவன் பரகுடி.

19ஆம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் ஓதப்படும் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘பரதேசி’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. பிறநாட்டவன் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். நம் வழக்கில் அது துறவியாகி, பிச்சைக்காரனாகி, இறுதியில் தெருச்சண்டையில் வீசப்படும் வசையாகவும் தேய்ந்தது. மொழிபெயர்ப்பாளர் இத்தேய்வை எண்ணியிருக்க மாட்டார். எனினும் மூலச்சொல்லின் இழிவைத் தமிழ்ச்சொல் தற்செயலாகப் பிடித்துக்கொண்டது. தன்னைப் பரதேசி என்று ஏற்றுக்கொள்பவன் மட்டுமே இம்மடலை உரியமுறையில் படிக்க முடியும். 1865இல் பெய்ரூத்தில் நிறைவெய்திய வான் டைக் அரபு மொழிபெயர்ப்போ ‘ஃகுரபா’ என்கிறது. இச்சொல் நமக்கு நெருக்கமானது. இஸ்லாம் அந்நியமானதாகத் தொடங்கிற்று, அவ்வாறே மீளும், அந்நியர்களுக்கு நற்செய்தி உண்டாகட்டும் என்ற கருத்தில் முஸ்லிம் தொகுப்பில் வரும் நபிமொழி இந்த ஃகுரபாவைத்தான் வாழ்த்துகிறது. ஒரே சொல்லைத் தமிழில் வசையாகவும் அரபியில் வாழ்த்தாகவும் கேட்பது தமிழ் முஸ்லிம் வாசகருக்கு மட்டுமே வாய்க்கும் அனுபவம்.

இம்மடலின் அந்நியர் உண்மையிலேயே நாடிழந்தவர்களா, அல்லது வானுலகமே தாயகம் என்று கருதியதால் அவ்வாறு அழைக்கப்பட்டவர்களா? 1981இல் அமெரிக்க அறிஞர் ஜான் எலியட், ‘வீடற்றோர்க்கு ஒரு வீடு’ எனப் பொருள்படும் நூலில், முதற்கருத்தை வலிமையாக நிறுவ முயன்றார். இவர்கள் சட்டப்படியே பரகுடிகள். அவர்களுக்கு மடல் தருவது விண்ணுலகம் பற்றிய கனவன்று, இம்மண்ணிலேயே ஒரு வீடு, அதாவது இறைவனின் வீட்டாராகிய சமுதாயம் என்றார். 1992இல் ஜெர்மானிய அறிஞர் ரெயின்ஹார்ட் ஃபெல்ட்மையர் முதலியோர் மறுத்தனர்: இவ்விரு சொற்களும் இணைந்து வருவது கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், ஆதலால் இது மறையிலிருந்து எடுக்கப்பட்ட உருவகமே. எலியட்டின் வாதம் சற்று மிகைபட்டது என்பதே நம் கருத்து. ஐந்து மாநிலங்களின் எல்லா வாசகரும் ஒரே சட்ட நிலையில் இருந்திருக்க இயலாது. ஆனால் மறுத்தவர்கள் தாம் சுட்டிய மூல இடத்தையே திறந்து பார்க்கவில்லை போலும்.

அவ்விடம் ஆதியாகமம் 23ஆம் அதிகாரம். ஸாரா அம்மையார் இறந்துகிடக்கிறார். இப்ராஹீம் (அலை) ஏத்தின் மக்கள்முன் எழுந்து நின்று, தாம் அவர்களிடையே அந்நியரும் தங்கிவாழ்பவரும் ஆதலால் அடக்கம் செய்ய ஓர் இடம் வேண்டும் என்கிறார். எப்பெரோன் என்பவன் முதலில் இலவசமாகவே தருவதாகப் பேசி, பிறகு பேச்சுவாக்கில் 400 சேக்கல் வெள்ளி என்கிறான். இப்ராஹீம் பேரம் பேசாமல் நிறுத்துக் கொடுக்கிறார். நாடு முழுவதும் வாக்களிக்கப்பட்டவர் விலைகொடுத்து வாங்கிய நிலம் ஒரு கல்லறை. இதில் உருவகம் எங்கே இருக்கிறது? பிணத்தை வைத்துக்கொண்டு இடம் தேடும் அந்நியரின் நிலை இன்றும் எத்தனையோ ஊர்களில் கண்கூடு. அந்தக் கல்லறை அமைந்த நகரமே கலீல் எனப்படும் ஹெப்ரோன். அங்கே யார் அந்நியர், யார் உரிமையாளர் என்ற வழக்கு இன்றுவரை குருதியால் எழுதப்படுகிறது. 1994இல் இப்ராஹீமி பள்ளிவாசலில் தொழுகையிலிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. ‘நான் உங்களிடையே அந்நியன்’ என்று சொன்னவரின் கல்லறையைச் சுற்றி ஒவ்வொருவரும் மற்றவரை அந்நியர் என்கின்றனர்.

மடலின் அறிவுரைப் பகுதிக்கு வரும்போது நமக்கு மனத்தாங்கல் உண்டாகிறது. அரசனுக்கும் ஆளுநருக்கும் அடங்கி நடங்கள்; அடிமைகளே, கொடிய எசமானுக்கும் பணியுங்கள் என்கிறது அது. அந்நியன் அடக்கமாக இருக்கவேண்டும் என்பது ஊரார் எப்போதும் சொல்வது. அதை வேதமும் சொன்னால் அந்நியன் எங்கே போவான்? ஆனால் சூழலை மறந்து தீர்ப்புரைப்பதும் நேர்மையன்று. கி.பி. 112ஐ ஒட்டி இதே பித்தினியா-பொந்துவின் ஆளுநரான பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய மடலில், கிறித்தவர் என்று ஒப்புக்கொண்டோரைக் கொல்ல அனுப்பியதையும், சபைப்பணியாற்றிய இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் அலுவலகக் குறிப்புபோல் எழுதுகிறார். மதீனாவின் முஹாஜிர்களுக்கு அன்ஸார் இருந்தனர். சகோதரப் பிணைப்பு இருந்தது. சூரா அல்ஹஷ்ரின் 8ஆம் வசனம் வீடும் செல்வமும் இழந்து வெளியேற்றப்பட்ட ஏழை முஹாஜிர்களுக்குப் பொதுச்செல்வத்தில் பங்கை உறுதிசெய்தது. ஹிஜ்ரத் நம்மிடம் சட்டமாயிற்று, ஏனெனில் சட்டம் இயற்ற ஒரு நகரம் கிடைத்தது. பேதுருவின் வாசகருக்கு நகரம் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஒருவர்க்கொருவர் கதவைத் திறப்பது மட்டுமே. முணுமுணுக்காமல் விருந்தோம்புங்கள் என்று மடல் கேட்டுக்கொள்கிறது. முணுமுணுப்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட மடலில் நிலைமை மாறிவிடுகிறது. கிரேக்க நடைச்சிறப்பில் புதிய ஏற்பாட்டின் முன்வரிசையில் நிற்பது அது. அங்கே இப்ராஹீம் வாக்களிக்கப்பட்ட நாட்டிலும் கூடாரத்தில்தான் வாழ்கிறார். இறைவனே கட்டிய, அடித்தளமுள்ள நகரம் ஒன்றை எதிர்நோக்குகிறார். முன்னோர் அனைவரும் பூமியின்மேல் அந்நியர். இவ்வுருவகத்தின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் விலை என்ன? கானானில் அந்நியராக இருந்தவர் இப்போது பூமியிலேயே அந்நியராகிவிட்டார். எல்லோரும் அந்நியர் என்றாகிவிட்டால், உண்மையில் அந்நியராக்கப்பட்டவனின் வழக்கு தள்ளுபடியாகிவிடும் அல்லவா? மாளிகையில் இருப்பவரும் தம்மைப் பரதேசி என்று பாடிக்கொள்ளலாம். எபிரெயர் மடலின் ஆசிரியர் இவ்வாபத்தை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஏனெனில் இறுதி அதிகாரத்தில் அந்நியரை வரவேற்க மறவாதீர், அறியாமலே வானவருக்கு விருந்திட்டோர் உண்டு என்று மண்ணுக்கு இறங்கிவருகிறார். இப்ராஹீமின் விருந்தினர் வரலாறு சூரா அத்தாரியாத்தில் நமக்கும் அறிமுகமானது.

அவருக்குப் பின் வந்தவர்கள் அவ்வாறு இறங்கிவரவில்லை. ரோமிலிருந்து கொரிந்துவுக்குச் சென்ற கிளெமெந்து மடல், ரோமில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபை என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அந்தத் தங்குதலைக் குறிக்கும் ‘பரொய்க்கியா’ என்ற பெயர்ச்சொல் இலத்தீனில் ‘பரோக்கியா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் இன்று ‘பங்கு’ என்று வழங்குவது அதுதான். எல்லையும் வருவாயும் பதிவேடும் கொண்ட, ஐரோப்பிய ஊர்ப்புற வாழ்வின் அசையாத அலகாயிற்று அது. அந்நிய வாழ்வைக் குறித்த சொல், உள்ளூர்க்காரர் யார் என்று தீர்மானிக்கும் சொல்லாக முடிந்தது. சொற்களின் வரலாற்றில் இத்தகைய தலைகீழ் மாற்றம் அரிது.

நம் இல்லத்தில் இது நேரவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மக்கா வெற்றிக்குப்பின் ஹிஜ்ரத் இல்லை, எண்ணமும் முயற்சியும் உண்டு என்பது நபிமொழி. இறைவன் விலக்கியதைத் துறப்பவரே முஹாஜிர் என்பதும் நபிமொழி. உலகில் அந்நியனைப்போல், வழிப்போக்கனைப்போல் இரு என்று இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதும் நாம் அறிந்ததே. சொல்லை அகத்தே திருப்பும் இப்பணியை நபி (ஸல்) அவர்களே செய்தார்கள். ஆயின் நம் மரபில் புறப்பொருள் அழிந்துவிடாமல் காத்தது திருக்குர்ஆனின் ஒரு வாதம். சூரா அந்நிஸாவின் 97ஆம் வசனத்தில், நாங்கள் மண்ணில் பலவீனராய் இருந்தோம் என்று சொல்வோரிடம் வானவர், பூமி விசாலமாக இல்லையா, அதில் நீங்கள் பெயர்ந்திருக்கலாமே என்று கேட்கின்றனர். எபிரெயர் மடலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அங்கே பூமி அந்நியம், ஆகவே பொறுத்திரு. இங்கே பூமி இறைவனுடையது, விசாலமானது, ஆகவே புறப்படு. அடுத்த வசனங்கள் வழியறியாத பலவீனருக்கு விலக்கும் அளிக்கின்றன. பூமி விசாலமானது என்னும் இவ்வசனம் வெளியேறுவோருக்கு மட்டும் உரியதன்று. எல்லையில் கம்பிவேலி இடுவோருக்கும் அது எதிர்ச்சான்றாகும்.

மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தையும் முஸ்லிம் தொகுப்பிலுள்ள ஹதீஸ் குத்ஸியையும் ஒப்பிடாத ஒப்பீட்டு நூல் இல்லை. பசித்தவன், தாகித்தவன், நோயுற்றவன் ஆகியோரிடத்தில் தன்னைக் காணாததைப்பற்றி மறுமையில் இறைவன் கேட்பதாக நம் ஹதீஸ் கூறும். மத்தேயுவின் பட்டியல் சற்று நீளமானது. ஆடையற்றவனும் சிறையாளியும் அதில் உண்டு, அந்நியனும் உண்டு. அந்நியனை ஏற்றீர்களா என்ற கேள்வி தீர்ப்பு நாளின் வினாத்தாளிலேயே இருக்கிறது. 2015இல் சிரிய அகதிகள் ஐரோப்பாவின் வாயிலில் நின்றபோது, ஸ்லோவாக்கியா கிறித்தவர்களை மட்டுமே ஏற்போம் என்றது. மத்தேயுவை வேதமென ஏற்றோர் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் லெஸ்பொஸ் தீவிலிருந்து தம் விமானத்தில் அழைத்துச்சென்ற 12 சிரியரும் முஸ்லிம்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2014 ஜூலையில் மூஸில் நகரத்துக் கிறித்தவர் வீடுகளில் ‘நூன்’ எழுத்து எழுதப்பட்டு அவர்கள் விரட்டப்பட்டது நம் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தால் என்பதையும் மறைப்பதற்கில்லை. முதல் ஹிஜ்ரத்தில் நம் முன்னோருக்கு அடைக்கலம் தந்தவர் ஹபஷாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி. அந்தக் கடனை மூஸிலில் அவ்வாறு தீர்த்தனர்.

நம் சமயத்தவர்க்கு மட்டும் கதவு என்ற சிந்தனையின் வேரும் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. யோவானின் இரண்டாம் மடலும் மூன்றாம் மடலும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது பொதுக்கருத்து. இரண்டிலும் எழுதுபவர் தம்மை ‘மூத்தவர்’ என்கிறார். இரண்டாம் மடலில், வேறு போதனையோடு வருகிறவனை வீட்டில் ஏற்காதே, வாழ்த்தும் சொல்லாதே என்கிறார். மூன்றாம் மடலில், அந்நியரான சகோதரரை வழியனுப்பிவைத்த காயு என்பவரைப் பாராட்டிவிட்டு, தியோத்திரேப்பு என்பவன்மேல் குறைகூறுகிறார். அவன் மூத்தவர் அனுப்பியோரை ஏற்கவில்லை. ஏற்க விரும்பியோரைத் தடுத்துச் சபையைவிட்டே நீக்குகிறான். புதிய ஏற்பாட்டின் மிகச் சிறிய நூலில், ஒருபக்க வாதமாக, ஒரு கதவின் சண்டை பதிவாகியிருக்கிறது. தியோத்திரேப்பு கெட்டவன் என்றே உரையாசிரியர் எழுதிவந்தனர். ஆனால் இரண்டாம் மடலின் விதியையே அவன் மூத்தவர்மேல் திருப்பியிருந்தால்? அவன் கண்ணில் இவர்களே வேற்றுப்போதனைக்காரராக இருந்திருந்தால்? அவன் தரப்பு மடல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எழுத நிறைய உண்டு, மையாலும் எழுதுகோலாலும் எழுத விருப்பமில்லை, விரைவில் நேரில் பேசுவோம் என்று மூத்தவர் முடித்துவிடுகிறார். அவர் போனாரா, போனபோது எந்த வீட்டில் தங்கினார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.